ரீல் ஓடுது, பாட்டு ஓடலையா? எலக்ட்ரானிக் இசைக்காரர்களுக்கு அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ மாடி அறையில் ஒரு லேப்டாப், இரண்டு சின்ன மானிட்டர் ஸ்பீக்கர், ஒரு மிடி கீபோர்டு வைத்துக்கொண்டு ஹவுஸ், டெக்னோ, டிரம் அண்ட் பேஸ் என்று எலக்ட்ரானிக் இசை செய்கிறவருக்கு ஊரும் உலகமும் கேட்க இருக்கிற முதல் வாசல் கைபேசிதான். ரீல் போட்டும் ஒன்றும் நடக்காதபோது "ஆல்காரிதம் அமுக்கிட்டு" என்று சொல்லிவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது. பெரும்பாலும் பழுது அதைவிட அருகில் இருக்கிறது: ஆடியோ ஃபைலில், வீடியோவின் முதல் இரண்டு வினாடியில், புரொஃபைலில் இருக்கிற லிங்கில், அல்லது பாட்டில் போட்ட லூப்பின் (திரும்பத் திரும்ப ஓடும் ஆயத்த ஒலித்துண்டு) உரிமையில். இவை எல்லாமே கண்டுபிடித்துத் திருத்தக்கூடியவை.

வெளிநாட்டு வழிகாட்டிகளைப் படித்துக் குழம்புகிறவர்களுக்கு ஒரு சொல். அவற்றில் பாதி டிக்டாக்கைச் சுற்றியே எழுதப்பட்டவை. இந்தியாவில் 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் தடை செய்யப்பட்டது. நமக்கு இன்ஸ்டாகிராம் ரீல்ஸ், யூடியூப் ஷார்ட்ஸ், அதற்கப்புறம் வாட்ஸ்அப். கீழே உள்ளதெல்லாம் இந்த மூன்றையும் மனதில் வைத்து எழுதியது.

முதலில்: பழுது எந்த இடத்தில்?

கேட்பவர் ஒரு வரிசையில் நகர்கிறார். ரீல் கண்ணில் படுகிறது, விரல் நிற்கிறது, புரொஃபைலுக்குள் வருகிறார், லிங்க்கைத் தட்டுகிறார், பாட்டைக் கேட்கிறார் அல்லது நிகழ்ச்சிக்குக் கூப்பிடுகிறார். இன்ஸ்டாகிராமில் ஒவ்வொரு ரீலுக்கும் கீழே உள்ள இன்சைட்ஸையும் (பார்வைக் கணக்கு), தேவைப்பட்டால் புரொஃபைலின் மொத்த இன்சைட்ஸையும் திறந்து நான்கு எண்களை ஒரு தாளில் எழுதுங்கள்: எத்தனை பேரைச் சேர்ந்தது, சராசரியாக எத்தனை வினாடி பார்த்தார்கள், எத்தனை பேர் புரொஃபைலுக்கு வந்தார்கள், எத்தனை பேர் லிங்க்கைத் தட்டினார்கள். கடைசிப் பத்து ரீலுக்கு இதைச் செய்தால் போதும்.

உதாரணமாக, 4,000 பேரைச் சேர்ந்த ரீலில் சராசரிப் பார்வை 2 வினாடி, புரொஃபைல் வருகை 6 என்றால் பழுது ரீலின் தொடக்கத்திலோ ஒலியிலோ இருக்கிறது. லிங்க்கை மாற்றிப் பயனில்லை. 900 பேரைத்தான் சேர்ந்தது, ஆனால் சராசரி 12 வினாடி, புரொஃபைல் வருகை 60, லிங்க் தட்டியவர் ஒருவர் என்றால் இசையும் படமும் நன்றாக வேலை செய்கின்றன. வாசல்வரை வந்தவர்களுக்கு உள்ளே போக வழி தெரியவில்லை. எண் எங்கே சடக்கென்று விழுகிறதோ, அந்தப் பகுதிக்கு நேராகப் போங்கள்.

பத்து ரீலும் ஒரே மாதிரி, சில நூறு பேரைக்கூடச் சேராமல் நின்றுவிட்டால் அமைப்புகளில் 'கணக்கு நிலை' என்ற பக்கத்தைத் திறந்து பாருங்கள். உங்கள் பதிவுகளைப் பின்தொடராதவர்களுக்குப் பரிந்துரைக்க முடியுமா, முடியாதா என்று அங்கேயே எழுதியிருக்கும். வேறு செயலியின் வாட்டர்மார்க் உள்ள வீடியோ, பிறர் வீடியோவை அப்படியே மறுபடி ஏற்றியது, ஒலி இல்லாத வீடியோ ஆகியவை பரிந்துரையிலிருந்து விழுந்துவிடும். அந்தப் பக்கம் சுத்தமாக இருந்தால் "அமுக்கிட்டு" என்ற சந்தேகத்தை விட்டுவிட்டு மேலே படியுங்கள்.

"ஸ்டுடியோவில் நெஞ்சு அதிருது, ஃபோனில் கிக்கே இல்லை"

எலக்ட்ரானிக் இசைக்கு மட்டும் உரிய நோய் இது. மற்ற எல்லாவற்றையும்விட அதிகமான ரீல்களைக் கொல்வதும் இதுதான். ஃபோன் ஸ்பீக்கரின் கூம்பு விரல் நகம் அளவுதான். 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதிலிருந்து வருவது மிகச் சொற்பம். கிக்கின் (தாளத்தின் கனமான டிரம் அடி) அடிநாதம் 50 ஹெர்ட்ஸில் இருந்தால் ஃபோனில் அது இல்லவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பாட்டின் உயிரே கிக்கும் பேஸும்தான் என்கிற இசையில், கேட்பவர் காதுக்குப் போவது வெறும் ஹை-ஹாட் சிம்பலும் ஒரு பேடும் (பின்னணியில் நீளும் சுரம்).

வழி, பேஸை ஏற்றுவது அல்ல. ஏற்றினால் லிமிட்டர் (சத்தம் உச்சவரம்பைத் தாண்டாமல் அமுக்கும் கருவி) அதைத்தான் முதலில் பிடிக்கும். காதுக்குக் கேட்காத பேஸுக்காக மற்ற எல்லாமும் கீழே தள்ளப்படும். செய்ய வேண்டியது மேல்சுரங்களை உண்டாக்குவது. 50 ஹெர்ட்ஸ் நாதத்துக்கு 100, 150, 200, 250, 300 என்று மேல்சுரங்கள் இருந்தால், அடிநாதமே இல்லாவிட்டாலும் காது அதை ஊகித்துக்கொள்ளும். நம் மூளையின் இயல்பு அது.

கிக் டிராக்கை ஒரு நகல் எடுங்கள். நகலில் முதலில் ஒரு சாச்சுரேட்டர் (ஒலியைச் சற்றே சிதைத்து மேல்சுரம் சேர்ப்பது), நன்றாக உறைக்கும்வரை, அதன்பின் 150 ஹெர்ட்ஸில் ஹைபாஸ் ஃபில்டர் (அதற்குக் கீழே உள்ளதை வெட்டுவது). அதன்பின் நகலின் ஃபேடரை முழுக்கக் கீழே இறக்கிவிட்டு, ஃபோன் ஸ்பீக்கரில் கேட்டபடியே மெல்ல ஏற்றுங்கள். கிக் "டப்" என்று காதில் விழத் தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். பெரும்பாலும் மூலத்தைவிட 10 முதல் 14 டெசிபல் கீழேயே அந்த இடம் வந்துவிடும். அதற்கு மேல் போனால் பெரிய ஸ்பீக்கரில் தகரம் தட்டுவதுபோல் ஆகிவிடும். சப் பேஸுக்கும் இதே வைத்தியம். கிக்கின் நுனிச் சத்தம் 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸுக்குள் இருக்கிறதா என்றும் பாருங்கள். தாளம் எங்கே விழுகிறது என்று ஃபோனில் சொல்வது அந்த நுனிதான்.

அடுத்து மோனோ. பல ஃபோன்களில் ஒரே ஸ்பீக்கர். இடமும் வலமும் அங்கே ஒன்றாகக் கலக்கும். பேஸுக்கோ லீடுக்கோ (முதன்மை மெட்டு) ஸ்டீரியோ வைடனர் (ஒலியை இரு பக்கமும் அகலமாக்கும் கருவி) போட்டிருந்தால் இரண்டு பக்க அலைகளும் ஒன்றையொன்று அழித்து, ஹெட்ஃபோனில் மலைபோல் நின்ற சுரம் ஃபோனில் ஆவியாகிவிடும். உங்கள் இசை மென்பொருள் ஏபிள்டன் லைவ் என்றால் மாஸ்டர் டிராக்கில் யூட்டிலிட்டி போட்டு மோனோ பொத்தானை அழுத்திக் கேளுங்கள். எஃப்எல் ஸ்டுடியோவில் மாஸ்டரின் ஸ்டீரியோ செபரேஷன் குமிழை மோனோ பக்கம் முழுக்கத் திருப்புங்கள். எது காணாமல் போகிறதோ அதன் வைடனரைக் கழற்றுங்கள். 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதுவுமே ஸ்டீரியோவாக இருக்க வேண்டாம்.

ரீலுக்கென்று தனி மாஸ்டர் (பாட்டின் இறுதி ஃபைல்) எடுப்பது வீண் வேலை அல்ல. 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே மெல்லக் குறைத்து, லிமிட்டரின் உச்சவரம்பை மைனஸ் 1 டெசிபல் ட்ரூ பீக்கில் (அலையின் உண்மையான உச்சம்) வைத்து, 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் ஃபைலாக எடுங்கள். ஸ்ட்ரீமிங்குக்குப் போகிற மாஸ்டர் வேறு. ஸ்பாட்டிஃபை இயல்பாக மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குத் தோன்றும் சத்தத்தின் அளவுகோல்) அளவுக்குச் சத்தத்தைச் சமன் செய்கிறது. அதற்காக டெக்னோவை மைனஸ் 14-லேயே மாஸ்டர் செய்யச் சொல்லும் அறிவுரையைக் கேட்காதீர்கள். மைனஸ் 9-ல் நன்றாக இருக்கிற பாட்டு, 5 டெசிபல் இறக்கப்பட்ட பிறகும் நன்றாகவே இருக்கும்.

சோதிக்க நல்ல இடம் வடசேரி பஸ் ஸ்டாண்டு. ஹெட்ஃபோன் இல்லாமல், ஃபோன் சத்தத்தைப் பாதியில் வைத்து, எஞ்சின் உறுமலுக்கு நடுவே கேளுங்கள். தாளத்துக்குக் கால் தட்ட முடிந்தால் மிக்ஸ் தயார்.

"முதல் வினாடியிலேயே தள்ளிவிடுகிறார்கள்"

கிளப்பில் வாசிக்கச் செய்த பாட்டுக்கு 32 பார் (ஒரு பார் என்பது நான்கு தாள அடி) இன்ட்ரோ இருப்பது நியாயம். அடுத்த டிஜே கலக்க அது வேண்டும். 128 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 128 அடி) அந்த 32 பார் சரியாக 60 வினாடி. ரீலில் 60 வினாடி வெறும் கிக்கைக் கேட்கக் காத்திருப்பவர் யாரும் இல்லை.

டிராப்புக்கு (முழுத் தாளமும் வந்து விழும் இடம்) இரண்டு பார் முன்னால் தொடங்குங்கள். 128 பிபிஎம்மில் ஒரு பார் 1.875 வினாடி, ஆகவே டிராப் 3.75-வது வினாடியில் விழும். மொத்தம் 8 பார் வைத்தால் 15 வினாடி. ரீல் முடிந்து தானாகத் திரும்பத் தொடங்கும்போது தாளம் அறாமல் சுழல வேண்டும். அதற்கு ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. வினாடிக்கு 30 ஃபிரேம் வீடியோவில் 15 வினாடி என்பது 450 ஃபிரேம், மிச்சமில்லாமல் முடியும். அதே 8 பார் 125 பிபிஎம்மில் 15.36 வினாடி, 30 ஃபிரேமில் அது 460.8. அந்த முக்கால் ஃபிரேம்தான் சுழலும் இடத்தில் தாளம் இடறுவதற்குக் காரணம். 25 ஃபிரேமில் எடுத்தால் 384, முழு எண். எந்த வேகத்தில் பாட்டு இருந்தாலும் எடிட் செய்யும்முன் இந்தப் பெருக்கலைப் போட்டுப் பாருங்கள். இழை அறாமல் சுழலும் ரீலை இரண்டு தடவை, மூன்று தடவை கேட்டுவிட்டுத்தான் நகர்வார்கள்.

படத்தில் என்ன காட்டுவது? கைகள். டிரம் பேடைத் தட்டும் விரலும் ஒலியும் ஒன்றாக விழுவதைப் பார்க்கும்போதுதான், இது யாரோ செய்த பாட்டு அல்ல, இவர் செய்வது என்று பார்ப்பவருக்குப் புரிகிறது. கன்னியாகுமரி சூரிய உதயத்தையும் வள்ளுவர் சிலையையும் பின்னணியாக வைத்தால் சுற்றுலா ரீல் ஆயிரத்தோடு ஆயிரத்தொன்றாகப் போய்விடும். அதைவிடத் தோவாளையில் பூ விலை கூவும் குரலையோ, முட்டம் பாறையில் அலை மோதும் சத்தத்தையோ, ரப்பர் ஷீட் அடிக்கும் உருளையின் கறகறப்பையோ பதிவு செய்து, அது எப்படி ஸ்னேராகவும் ஷேக்கராகவும் மாறுகிறது என்று 15 வினாடியில் காட்டுங்கள். ஊர்க்காரர் தன் ஊர்ச் சத்தம் என்று நிற்பார். பெர்லினில் இருப்பவர் இதுவரை கேட்காத சத்தம் என்று நிற்பார். இரண்டு பேரையும் ஒரே ரீலில் நிறுத்தக்கூடியது இந்த மண்ணின் ஒலிதான்.

எழுத்தைப் படத்தின் கீழ் மூன்றில் ஒரு பாகத்தில் வைக்காதீர்கள். பெயரும் குறிப்பும் பாட்டின் பெயரும் அங்கே மேலே ஏறி மறைத்துவிடும். ஒரே இசைக்கு எந்தத் தொடக்கம் நல்லது என்று தெரியாவிட்டால், கணக்கில் டிரையல் ரீல் வசதி வந்திருந்தால் பயன்படுத்துங்கள். பின்தொடராதவர்களுக்கு மட்டும் முதலில் காட்டப்படும் என்பதால் இரண்டு தொடக்கத்தையும் கூச்சமின்றிச் சோதிக்கலாம்.

"விரல் ஒரு பக்கம், தாளம் ஒரு பக்கம்"

மூன்று காரணங்கள் உண்டு. மூன்றுக்கும் அறிகுறி வேறு.

தொடக்கத்தில் ஒட்டி, போகப்போக விலகினால், ஃபோன் கேமரா ஃபிரேம் வேகத்தை அவ்வப்போது மாற்றிப் பதிந்திருக்கிறது. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் வீடியோவைப் போட்டு, மாறாத ஃபிரேம் வேகம் என்பதைத் தேர்ந்து, 30 வைத்து மாற்றிக்கொண்டு அதன்பின் எடிட் செய்யுங்கள். தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே அளவு விலகியிருந்தால், எடிட் செய்யும்போது ப்ளூடூத் ஹெட்ஃபோனில் கேட்டு ஒட்டியிருக்கிறீர்கள். ப்ளூடூத்தில் ஒலி 100 முதல் 300 மில்லிவினாடிவரை தாமதமாக வரும். வயர் உள்ள ஹெட்ஃபோனில் திரும்ப ஒட்டுங்கள். பாட்டே வேகமாக, ஒன்றரை அரைச்சுரம் ஏறிக் கேட்டால், 44.1 கிலோஹெர்ட்ஸ் ஃபைலை 48 என்று மென்பொருள் எடுத்துக்கொண்டிருக்கிறது. 48-ல் மறுபடி எக்ஸ்போர்ட் செய்தால் தீர்ந்தது.

"மேடை வீடியோவில் கறுப்புக் கோடு ஓடுது, சத்தம் பொரியுது"

கொடை விழாவிலோ கல்யாண மண்டபத்திலோ சீரியல் செட்டும் எல்இடி விளக்கும் எரியும்போது எடுத்த வீடியோவில் கிடைமட்டமாகப் பட்டைகள் ஊர்ந்தால், கேமரா 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு அமைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கேமரா அமைப்பில் ஃபிளிக்கர் என்ற இடத்தில் 50 ஹெர்ட்ஸ் அல்லது பிஏஎல் (PAL) என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஷட்டரைக் கையால் வைக்க முடிந்தால் 50-ல் ஒரு பங்கு வினாடி, வெளிச்சம் அதிகமாக இருந்தால் 100-ல் ஒரு பங்கு. மேடைக்குப் பின்னால் எல்இடி திரை இருந்தால் அதற்கென்று வேறு வேகம் இருக்கும். ஷட்டரைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பட்டை நிற்கும் இடத்தைப் பிடிக்க வேண்டும். நிகழ்ச்சி தொடங்கும்முன், சவுண்ட் செக் நேரத்தில் இதை முடித்துவிடுங்கள்.

சத்தம் பொரிவதற்கு மருந்து எடிட்டிங்கில் இல்லை. சப் ஊஃபருக்கு முன் நிற்கும் ஃபோனின் மைக் உடைந்த ஒலியைத்தான் பதியும். உடைந்ததை ஒட்ட முடியாது. மிக்சரில் ரெக் அவுட் என்று இருக்கும் பதிவு வெளியீட்டிலிருந்து நேராக எடுங்கள். மைக்செட்டுக்காரரிடம் ஒரு நாள் முன்னரே, "அண்ணே, ரெக் அவுட் ஒன்று தருவீங்களா, ஆர்சிஏ வயர் நான் கொண்டு வாறேன்" என்று கேட்டு வையுங்கள். நிகழ்ச்சி நடக்கும்போது போய்க் கேட்டால் யாருக்கும் நேரம் இருக்காது. அந்த வயரை ஒரு சின்ன யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸின் லைன் இன்புட்டில் கொடுத்து, ஃபோனிலோ லேப்டாப்பிலோ பதியுங்கள். ஃபோனின் இயர்ஃபோன் துளையில் நேராகச் சொருகக் கூடாது. அந்த மைக் இன்புட் எதிர்பார்ப்பது சில மில்லிவோல்ட். ரெக் அவுட்டில் வருவது சுமார் 0.3 வோல்ட், மிக்சரின் முதன்மை வெளியீட்டில் சுமார் 1.2 வோல்ட். இரண்டுமே அதற்குத் தாங்காது. பதிவின் உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் வையுங்கள். நிகழ்ச்சி சூடு பிடித்தால் மைக்செட்டுக்காரர் ஏற்றத்தான் செய்வார்.

மிக்சர் ஒலி மட்டும் போட்டால் காலி அறையில் வாசித்ததுபோல் இருக்கும். ஃபோனில் பதிந்த கூட்டத்தின் ஆரவாரத்தை அடியில் 15 டெசிபல் குறைவாகச் சேருங்கள். ஃபோன் ஸ்பீக்கரிலிருந்து எவ்வளவு தூரத்தில் நின்றது என்று பாருங்கள்: ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒலி ஏறக்குறைய 29 மில்லிவினாடி பிந்தும். 20 மீட்டர் என்றால் அந்தப் பதிவை 58 மில்லிவினாடி முன்னால் நகர்த்த வேண்டும். இல்லாவிட்டால் கிக் இரட்டையாகக் கேட்கும்.

முட்டத்திலோ ஆரல்வாய்மொழி கணவாயிலோ திறந்தவெளியில் எடுக்கிறீர்கள் என்றால் காற்று வேறு. ஆரல்வாய்மொழியில் காற்றாலைகளை நிறுத்தியிருக்கிற காரணமே அந்தக் காற்றுதான். ஃபோன் மைக்கில் அது இடி இடிப்பதுபோல் விழும். அங்கே படத்தை மட்டும் எடுங்கள். தொடக்கத்தில் கேமரா முன் ஒரு கைதட்டு, அதை அடையாளமாக வைத்து வீட்டில் ஒலியை ஒட்டுங்கள்.

"என் பாட்டுக்கே உரிமைக் கோரல் வருது"

மனதை உடைப்பது இது. பதற்றத்தில் வீடியோவை அழித்துவிடுபவர்கள் உண்டு. அழிக்காதீர்கள். முதலில் கோரல் யார் பெயரில் வந்திருக்கிறது என்று படியுங்கள்.

உங்கள் டிஸ்ட்ரிபியூட்டரின் (பாட்டை எல்லாத் தளங்களுக்கும் அனுப்பும் நிறுவனம்) பெயரிலேயே வந்திருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. பாட்டை வெளியிடும்போது யூடியூப் கன்டென்ட் ஐடி (பிறர் வீடியோவில் உங்கள் பாட்டைத் தானாகக் கண்டுபிடிக்கும் ஏற்பாடு) என்ற பெட்டியை டிக் செய்திருப்பீர்கள். அது உங்கள் சேனலையும் அந்நியர் என்று நினைத்துப் பிடித்திருக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டரின் உதவிப் பக்கத்தில் உங்கள் சேனல் முகவரியைக் கொடுத்து விலக்குப் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள்.

முன்பின் தெரியாத ஒருவர் பெயரில் வந்திருந்தால் குற்றவாளி பெரும்பாலும் லூப்தான். சாம்பிள் பேக்கிலிருந்து (விற்கப்படும் ஆயத்த ஒலிகளின் தொகுப்பு) எடுத்த அதே நான்கு பார் மெலடியை உலகத்தில் எத்தனையோ பேர் பயன்படுத்துகிறார்கள். அவர்களில் ஒருவர் அந்தப் பாட்டைக் கன்டென்ட் ஐடியில் பதிந்துவிட்டால், அந்த லூப் உள்ள எல்லாப் பாட்டும் அவருடையதுபோல் காட்டும். சாம்பிள் பேக்கின் உரிமம் உங்களுக்கு மட்டும் தரப்பட்டது அல்ல என்பதால், அந்த லூப் வெளிப்படையாகக் கேட்கும் பாட்டைக் கன்டென்ட் ஐடியில் பதிய அவருக்கும் உரிமை இல்லை, உங்களுக்கும் இல்லை. யூடியூபில் டிஸ்பியூட் (கோரலுக்கு மறுப்பு) போடுங்கள். உரிமத்தின் விவரத்தையும் வாங்கிய நாளையும் எழுதுங்கள். பதில் சொல்ல எதிர்த்தரப்புக்கு 30 நாள். இனிமேல் மெலடி லூப்பை அப்படியே போடாதீர்கள். சுருதியை மாற்றி, துண்டுதுண்டாக வெட்டி, வரிசையைக் குலைத்து, முடிந்தால் உங்கள் சின்தசைசரில் திரும்ப வாசித்துப் போடுங்கள். தனித்தனி கிக், கிளாப், ஹாட் சாம்பிள்களால் இந்தத் தொல்லை அபூர்வம்.

சினிமாப் பாட்டு ரீமிக்ஸ் பற்றிக் கறாராகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பார்வை உடனே வருவதால் நிறையப் பேர் அதில்தான் தொடங்குகிறார்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 31சி என்ற பிரிவு கவர் வெர்ஷனுக்கு வழி தருகிறது: முதல் பதிவு வந்த ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டு கழிந்த பிறகு, அறிவிப்புக் கொடுத்து, ராயல்டி முன்கூட்டிக் கட்டி. அதுவும் புதிதாகப் பாடி, வாசித்துப் பதிவதற்கு மட்டும். பாட்டை மாற்றுவதற்கு அல்ல. மூலப் பதிவின் குரலை உருவி எடுத்து ஹவுஸ் தாளத்தில் வைப்பது அதற்குள் வராது. "20 வினாடிக்குள் இருந்தால் பரவாயில்லை", "கமெண்டில் கிரெடிட் கொடுத்தால் போதும்" என்பதெல்லாம் சட்டத்தில் இல்லாத பேச்சு. யூடியூபில் 90 நாளுக்குள் மூன்று ஸ்ட்ரைக் (பதிப்புரிமை மீறல் தண்டனைக் குறி) விழுந்தால் சேனலே போய்விடும், அதில் இருக்கும் உங்கள் சொந்தப் பாட்டும் சேர்த்து. ரீமிக்ஸ் வளர்த்துத் தரும் பின்தொடர்பவர்கள் உங்கள் பெயருக்காக வந்தவர்களும் அல்ல.

அதே நேர்மை நம் பக்கமும் வேண்டும். செண்டை மேளக்காரரையோ வில்லிசைக் கலைஞரையோ பதிவு செய்து சாம்பிளாக வைத்தால் அவர்களுக்கும் சட்டப்படி கலைஞர் உரிமை உண்டு, 50 ஆண்டுக்கு. "விழாவில் வாசித்ததுதானே" என்று எடுத்துவிடக் கூடாது. ஒரு பக்கக் கடிதத்தில் பெயர், எதற்குப் பயன்படுத்துகிறோம், எவ்வளவு தொகை, பாட்டில் பெயர் எப்படி வரும் என்று எழுதி இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். பிறகு அந்தக் கலைஞரையே கொலாப் பதிவில் (இருவர் பெயரிலும் வரும் பதிவு) சேருங்கள். அவரைச் சுற்றி இருக்கிற ஊர் முழுவதும் அந்த ரீலைப் பார்க்கும்.

டிஜே செட்டை லைவாகப் போட்டு நடுவில் ஒலி நின்றால் காரணம் வெளிப்படை: முழுநீளப் பாட்டுகள் அடுத்தடுத்து ஓடும் லைவை இன்ஸ்டாகிராமின் உரிமையாளரான மெட்டா விரும்புவதில்லை, ஒலியைத் துண்டித்துவிடும். பிறர் பாட்டு உள்ள நீண்ட மிக்ஸை மிக்ஸ்கிளவுடில் ஏற்றுங்கள். அதற்கென்றே உரிமம் வாங்கி வைத்திருக்கும் தளம் அது. இன்ஸ்டாகிராமில் சொந்தப் பாட்டு வரும் பகுதியை மட்டும் வெட்டிப் போட்டால் போதும்.

"லட்சம் பார்வை, நூறு ஸ்ட்ரீம்கூட இல்லை"

ரீலின் கீழே பாட்டின் பெயர் வரும் இடத்தைத் தட்டிப் பாருங்கள். 'அசல் ஒலி' என்று மட்டும் இருந்தால், கேட்டவருக்குப் பாட்டின் பெயர் தெரிய வழியே இல்லை. டிஸ்ட்ரிபியூட்டர் வழியாகப் பாட்டை அனுப்பும்போது இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் பெட்டியையும் டிக் செய்து, வெளியான பிறகு இசை நூலகத்தில் உங்கள் பாட்டைத் தேடி அதை வைத்தே ரீல் செய்யுங்கள். அப்போது பெயரும் அட்டையும் தெரியும்; மற்றவர்களும் அதே பாட்டை எடுத்து ரீல் செய்யலாம். நூலகத்தில் பாட்டு கிடைக்கவில்லை என்றால் கணக்கின் வகையைப் பாருங்கள். வணிகக் கணக்குக்கு நூலகத்தின் ஒரு பகுதிதான் திறக்கும். கிரியேட்டர் கணக்குக்கு மாறுங்கள்.

புரொஃபைலில் ஐந்து லிங்க்வரை வைக்கலாம். வைக்க வேண்டியது இரண்டு: புதுப் பாட்டு, வாட்ஸ்அப். அதிகம் வைத்தால் எதையும் தட்டமாட்டார்கள்.

வேறொருவரின் பக்கத்தில் உங்கள் பாட்டு விழுந்துவிட்டால், பெயர் பொதுப்பெயராக இருக்கிறது. வெளியிடும்முன் அந்தப் பெயரை ஸ்பாட்டிஃபையிலும் யூடியூபிலும் தேடுங்கள். ஏற்கெனவே இருந்தால் மாற்றுங்கள். எழுத்துக்கூட்டல் எல்லாத் தளத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஸ்பாட்டிஃபை ஃபார் ஆர்டிஸ்ட்ஸில் (கலைஞர்கள் தங்கள் பக்கத்தை நிர்வகிக்கும் இடம்) தவறான பக்கத்தில் விழுந்த பாட்டை நகர்த்தக் கேட்கும் வழி இருக்கிறது.

பாட்டை இன்று ஏற்றி நாளை வெளியிடுவது பெரிய தவறு. பிளேலிஸ்ட் ஆசிரியர்களுக்கு விண்ணப்பிக்கவும், பின்தொடர்பவர்களின் ரிலீஸ் ரேடாரில் (ஸ்பாட்டிஃபையின் புதுப் பாட்டுப் பட்டியல்) உங்கள் பாட்டு வரவும், குறைந்தது 7 நாள் முன்பாவது ஸ்பாட்டிஃபை ஃபார் ஆர்டிஸ்ட்ஸில் பாட்டைச் சமர்ப்பித்திருக்க வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர் எடுத்துக்கொள்ளும் நாளையும் சேர்த்து நான்கு வாரம் ஒதுக்குங்கள்.

பணம் கொடுத்து ஸ்ட்ரீம் வாங்கச் சொல்லி வரும் செய்திகளைத் திறக்கவே வேண்டாம். 2024 முதல், கடந்த 12 மாதத்தில் 1,000 ஸ்ட்ரீம் தொடாத பாட்டுக்கு ஸ்பாட்டிஃபை பதிவு ராயல்டி தருவதில்லை; இதைக் காட்டித்தான் ஆசை மூட்டுவார்கள். போலி ஸ்ட்ரீம் பிடிபட்டால் டிஸ்ட்ரிபியூட்டருக்கு அபராதம் விழும், அவர் உங்கள் தலையில் வைப்பார், பாட்டும் நீக்கப்படும்.

"விளம்பரத்துக்குக் காசு போட்டேன், சம்பந்தமில்லாதவர்கள் வந்தார்கள்"

நாகர்கோவிலை நடுவில் வைத்து 80 கிலோமீட்டர் வட்டம் போட்டால் திருவனந்தபுரமும் உள்ளே வந்துவிடும், திருநெல்வேலியும் வந்துவிடும். இரண்டு ஊருக்கும் ஒரே விளம்பரம் சரிவராது. தெற்கே கடல், அங்கே விளம்பரம் பார்க்க ஆளில்லை; ஆகவே பணத்தின் பெரும்பகுதி அந்த இரண்டு நகரத்துக்கே போய்விடும். இரண்டாகப் பிரியுங்கள்: மாவட்டத்துக்கு ஒன்று, தமிழ் வரி, திருவனந்தபுரத்துக்குத் தனியாக, மலையாள வரி. குழித்துறை, களியக்காவிளைப் பக்கம் இரண்டு மொழியும் பேசுகிறவர்கள் நிறைய என்பதால் அங்கே எது எடுபடுகிறது என்று பார்ப்பது நல்ல சோதனை. நாளுக்கு 200 ரூபாய், ஐந்து நாள், இரண்டு விளம்பரம், மொத்தம் 2,000 ரூபாய். நடுவில் கை வைக்காதீர்கள். ரீலின் கீழே வரும் பூஸ்ட் பொத்தானை விட்டுவிட்டு ஆட்ஸ் மேனேஜரில் லிங்க் தட்டுவதை இலக்காக வையுங்கள்.

இடக் குறியில் ஒரு பொறி: கோவளம். நம் கன்னியாகுமரிக்குப் பக்கத்திலும் ஒரு கோவளம், திருவனந்தபுரத்திலும் ஒன்று, சென்னைக்குப் பக்கத்திலும் ஒன்று. குறியிடும்போது மாவட்டத்தின் பெயரைப் பார்த்துத் தட்டுங்கள்.

"லைக் போடுகிறார்கள், நிகழ்ச்சிக்குக் கூப்பிடுவதில்லை"

கூப்பிடுகிறவர் யார் என்று நினைத்துப் பாருங்கள். விழாக் கமிட்டிச் செயலாளர், மண்டப மேலாளர், ரிசார்ட்டில் நிகழ்ச்சி பார்ப்பவர். அவர் கமெண்ட் போடமாட்டார், வாட்ஸ்அப்பில் கேட்பார். புரொஃபைலில் இருக்கிற வாட்ஸ்அப் லிங்கில் எண்ணுக்கு முன் 91 இருக்க வேண்டும். கூட்டல் குறியோ சுழியமோ போடாதீர்கள். வேறொருவர் ஃபோனிலிருந்து தட்டிச் சோதியுங்கள்.

கேட்டவுடன் அனுப்ப ஒரு பிடிஎஃப் தயாராக இருக்கட்டும், 5 எம்பிக்குள், இரண்டு பக்கம்: யார் நீங்கள் என்று ஐந்து வரி, இரண்டு படம், 60 வினாடி நேரடி வீடியோவுக்கு ஒரு லிங்க், என்னென்ன வேண்டும் என்ற பட்டியல் (மேசை அளவு, மின் இணைப்பு எத்தனை, மிக்சரில் எத்தனை சேனல்), தொகை எதிலிருந்து தொடங்குகிறது. வீடியோவை வாட்ஸ்அப்பில் நேராக அனுப்பினால் நசுங்கிப்போகும், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்.

ஒலிபெருக்கிக்கு இரவு 10 முதல் காலை 6 வரை தடை உண்டு, விசேஷ நாட்களுக்குத் தனி அனுமதி இருந்தாலொழிய. "நள்ளிரவு 1 மணி, இன்னும் ஓயலை" என்று எழுதிய ரீல் கமிட்டிக்காரருக்கு ஆசையை அல்ல, கவலையைத்தான் தரும். மாலை 7 மணிக்குக் குடும்பங்கள் நிற்கும் கூட்டத்தின் முன் வாசித்த பதிவைப் புரொஃபைலின் மேலே பின் செய்யுங்கள். டிசம்பர் நிகழ்ச்சிகளுக்குப் பேச்சு செப்டம்பர், அக்டோபரிலேயே தொடங்கிவிடும் என்று வைத்துக்கொண்டு, அந்த ரீல் ஆகஸ்டிலேயே அங்கே இருக்கட்டும்.

"கணக்கே போச்சு"

"உங்கள் பதிவு பதிப்புரிமையை மீறியது, 24 மணி நேரத்தில் இதைத் தட்டுங்கள்" என்று வந்த செய்தியைத் தட்டியிருப்பீர்கள். இசைக்காரர்களுக்கென்றே விரிக்கும் வலை அது. இன்ஸ்டாகிராம் அனுப்பிய மின்னஞ்சல்களின் பட்டியல் செயலியின் பாதுகாப்புப் பகுதியிலேயே இருக்கிறது. அங்கே இல்லாதது போலி. உள்ளே நுழைய முடியாவிட்டால் உள்நுழைவுப் பக்கத்தில் இருக்கும் மீட்பு வழியைத் தொடங்குங்கள், முகக் காணொளி கேட்டால் கொடுங்கள். பணமும் போயிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-ஐ அழையுங்கள். திரும்பக் கிடைத்தவுடன் ஆத்தென்டிகேட்டர் செயலியால் இரண்டடுக்குப் பாதுகாப்பை இயக்கி, பேக்கப் குறியீடுகளைத் தாளில் எழுதி, ஹார்ட் டிஸ்க்கோடு சேர்த்து வையுங்கள். அதே டிஸ்க்கில் ஒவ்வொரு பாட்டின் புராஜெக்ட் ஃபைலும், லூப் உரிமங்களும், மேளக்காரர் கையெழுத்திட்ட கடிதத்தின் படமும் இருக்க வேண்டும்.